தலைகீழாக நின்ற தாள்

பாட்டு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் அவருக்கு ஸ்கேனர் என்று பெயர். இசைக்குறிப்பு எழுதிய புதுத் தாளை ஸ்டாண்டில் வைத்தால் போதும், மேலிருந்து கீழே ஒரு பார்வை. வயலினைத் தோளில் ஏற்றி, பிறந்ததிலிருந்து பழகிய பாட்டைப் போல வாசித்துவிடுவார். வயலின்காரர்களுக்குத் தலைமையான முதல் வயலின் நாற்காலி அவருக்கு வந்ததே அதனால்தான். அப்பேர்ப்பட்ட ஸ்கேனர் அன்று காலை ஏசி அறையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். எதிரே தாளில் ஐந்து கோடுகள். கோடுகளின் மேல் கறுப்புப் புள்ளிகள். சர்க்கரை டப்பாவை மூட மறந்தால் எறும்பு மொய்க்குமே, அப்படி. எந்த எறும்பு என்ன ஸ்வரம் என்று அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் முன்பு மூளையில் ஒரு சின்ன அடைப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், கடகடவென்று படித்தார். விரலை மடக்கச் சொன்னார், மடக்கினார். "தப்பிச்சுட்டீங்க சார், இனி வேலைக்குப் போகலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்வரம் எழுதிய தாளைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்த டாக்டருக்கு என்ன தலையெழுத்து? வீட்டுக்கு வந்து பழைய தாள் ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் குடி முழுகிப் போனது தெரிந்தது.

இதில் பெரிய கொடுமை, கை எதையும் மறக்கவில்லை. மனசில் ஓடும் மெட்டை எழுதிப் பார்த்தார். புள்ளி, வால், கோடு எல்லாம் தன்னால் வந்து விழுந்தன. எழுதி முடித்துப் பார்த்தால், தான் எழுதியது தனக்கே புரியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழந்தைகள் படிக்கும் ஆரம்பப் புத்தகம் ஒன்றை வாங்கி, மனைவி கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, முதல் கோடு இது, இரண்டாம் கோடு இது என்று விரலை வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளியைப் பிடிப்பதற்குள் முந்தைய புள்ளி நழுவிப் போனது. வயலினைத் தவிர அவருக்கு ஒரு வேலையும் தெரியாது. ஒழுங்காக ஆணி அடிக்கக்கூட வராது.

ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். வெளிப்பக்கம் இருப்பவர் தலைமை. உள்பக்கம் இருப்பவர் வாசித்துக்கொண்டே சட்டென்று பக்கம் புரட்டிவிட்டுத் திரும்ப வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். உள்பக்கம் இருந்தது அவருடைய தங்கை. அவர்தான் கற்றுக்கொடுத்து, கூட்டிவந்து சேர்த்துவிட்டார். அவர் எழுந்தால் அந்த நாற்காலி அவளுக்குத்தான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒலிப்பதிவு தொடங்கியது. அவர் தங்கையின் வில்லைப் பார்த்தும், காதை நம்பியும், ஒரு மயிரிழை பின்னால் ஓடினார். இசை நடத்தும் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"முதல் வயலின்ல என்னய்யா இழுவை? இன்னும் தூக்கம் கலையலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

இடைவேளையில் தங்கை அவரைத் தண்ணீர்க் குடம் இருந்த மூலைக்கு இழுத்துப் போனாள். "அண்ணா, நீ தாளைப் பாக்கல. என் வில்லைப் பாக்குற."

"தலைவலி."

"பொய் சொல்லாத. சின்ன வயசுல உன் வில்லைப் பாத்துதான் நான் ஏமாத்திட்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "படிக்க முடியலம்மா. ஒண்ணுமே புரியல. யார்கிட்டயும் சொல்லிடாத. இன்னைக்கு ஒரு நாள் காப்பாத்து."

"நாளைக்கு என்ன பண்ணுவ?"

மாஸ்டர் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் ஒரு வெறும் கோட்டுத் தாளை நீட்டினார். "ஸ்கேனர், நடுவுல நீங்க தனியா வாசிக்கிற இடத்தை மாத்திட்டேன். பாடுறேன், எழுதிக்குங்க."

மாஸ்டர் பாடப் பாட, அவர் தாளை மடியில் வைத்து எழுதினார். பென்சில் பறந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு எந்த நோயும் இல்லை. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஒரு புள்ளி பிசகல பாருங்க. மனுஷனா இவரு!" என்றார்.

அவர் தாளை எடுத்து ஸ்டாண்டில் வைத்து, வில்லைத் தூக்கினார். தங்கை பதறிப்போய்த் தாளை நோக்கிக் கையை நீட்டினாள். தன்னை நம்பாமல் சொல்லிக்கொடுக்க வருகிறாள் என்று நினைத்து, "விடு" என்று முழங்கையால் தட்டிவிட்டார்.

வாசித்தார். மாஸ்டர் பாடியது காதில் அப்படியே இருந்தது. சந்தேகம் வரக்கூடாது என்று கண்ணைத் தாளின் மேல் இடமிருந்து வலமாக ஓட்டினார். வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்கினார். அத்தனை அழகாக அவர் வாசித்தே ரொம்ப நாளாயிற்று.

முடித்ததும் அறையே அதிர்ந்தது. ஆளுக்கு ஆள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கை தட்டினார்கள்.

"தாளைத் தலைகீழா வச்சு வாசிக்கிறாருய்யா! எங்களை வெறுப்பேத்தவா?" மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவர் தாளைப் பார்த்தார். எது மேல், எது கீழ் என்று அப்போதும் தெரியவில்லை. பக்கத்தில் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியல" என்றார்.

மறுபடி சிரிப்பு.

"சத்தியமா தெரியல மாஸ்டர். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒரு நோட்டும் தெரியல."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? எத்தனை பேரை அப்படி அனுப்பிவைத்ததைப் பார்த்திருக்கிறார்! வயலினை மார்போடு அணைத்துக்கொண்டார். "என்னை அனுப்பாதீங்க மாஸ்டர். பக்கம் புரட்டவாவது உக்காந்திருக்கேன்."

அவரே எழுந்து, தங்கையின் தோளைத் தொட்டு, வெளிப்பக்க நாற்காலியைக் காட்டினார். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் கும்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் இடம் மாறினாள்.

"எங்க புரட்டணும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் மெதுவாக.

"நான் தலையாட்டுறேன். அப்ப புரட்டு."

மாஸ்டர் கையைத் தூக்கினார். எல்லோரும் வாசித்தார்கள். அவள் தலையாட்டினாள், அவர் புரட்டினார். பிறகு தாளைப் பார்க்கவே இல்லை. அடுத்து எப்போது தலையாட்டுவாளோ என்று தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.