விலகி நின்ற சுவர்

தம்பி தலையால் முட்டும்போதெல்லாம் அவன் அறையின் கிழக்குச் சுவர் ஓரடி பின்னால் போய்விடும். கூரையும் முகம் சுளிக்காமல் கூடவே நீளும். மனவளர்ச்சியில் சிக்கலுள்ள பெரியவர்கள், அதிலும் தங்களையோ பிறரையோ காயப்படுத்தும் பழக்கமுள்ளவர்கள், தங்கிப் பயிற்சி பெறும் இல்லம் அது. கடிப்பவர், கண்ணாடி உடைப்பவர், சட்டையைக் கிழிப்பவர் என்று பலரையும் பார்த்தவர்களுக்கு நகரும் சுவர் ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. வெளியே இருந்த துணிக்கொடி சுவருக்கு உட்பக்கம் வந்துவிட்டபோது, மழைக்காலத்துக்கு வசதிதான் என்று சமையல்காரர் அதில் துண்டுகளைக் காயப்போட்டார்.

தம்பிக்குப் பேச்சு வராது. நாற்பதை நெருங்கிவிட்டான், வார்டனைவிட மூத்தவன். ஆனாலும் அக்கா அழைத்து அழைத்து ஊருக்கே தம்பியாகிவிட்டான். பெற்றவர்கள் போன பிறகு அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், முட்டும்போதெல்லாம் கட்டிப்பிடித்து அடக்கினாள். வீட்டுச் சுவர்கள் நகர்கிற ரகம் இல்லை. நெற்றி தாங்காது என்றுதான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இங்கே விட்டாள். ஞாயிறுதோறும் வந்து, நுழைந்ததும் அவனை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொள்வாள். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பாசம் அல்லவா.

பயிற்சியாளர் அம்மா கண்டிப்பானவர். காயம் இல்லாதவரை, முட்டினால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது; அமைதியாக இருக்கும்போது மட்டும் பாராட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு. எல்லோரும் கடைப்பிடித்தார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்களே தவிர, இந்தச் சுவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு விலகிக்கொண்டே இருந்தது. தம்பியும் முட்டிக்கொண்டே இருந்தான்.

"இந்தச் சுவருதான் செல்லம் கொடுத்துக் கெடுக்குது," என்றார் பயிற்சியாளர் அம்மா.

எனவே சுவருக்கும் ஒரு பயிற்சித் திட்டம் வகுக்கப்பட்டது. நகர்ந்தால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நகராமல் நின்ற நேரங்களில் தரை துடைப்பவர் அதைத் தட்டிக்கொடுத்து, "சமர்த்து!" என்றார். மனிதர்களைவிடச் சுவர் சீக்கிரம் திருந்திவிட்டது. ஒரு ஞாயிறு, அக்காவின் பிடியிலிருந்து விடுபட்ட கையோடு தம்பி போய் முட்டினான். சுவர் சுவராகவே நின்றது. அவன் நெற்றி பிளந்தது.

தையல் போட்டு முடிந்ததும் பயிற்சியாளர் அம்மா அக்காவைத் தனியே உட்கார வைத்தார். "சுவத்தைத் திருத்தப் போனது என் தப்புதான்மா. சுவத்தையே பார்த்துக்கிட்டிருந்ததுல இன்னொண்ணைக் கவனிக்கல. நீங்க வர்ற அன்னிக்குத்தான் ரொம்ப முட்டுறார். நீங்க கட்டிப்பிடிச்சு விட்ட உடனே."

"நான் தூக்கி வளத்தவன் மேடம். என்னைப் பிடிக்காமயா முட்டுறான்?"

"பிடிக்கும். ரொம்பப் பக்கத்துல வந்தாத் தாங்கல. தள்ளி நில்லுன்னு சொல்ல அவருக்கு வேற வழி தெரியல. நாங்க கத்துக்கொடுக்கிறோம். அதுவரைக்கும் வராம இருங்க."

அக்கா தெருவிலேயே அழுதாள். ஞாயிறுகளில் வீட்டில் துணி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். இத்தனை வருஷம் வளர்த்தும் ஒரு சுவருக்குப் புரிந்தது தனக்குப் புரியவில்லையே என்று மாய்ந்துபோனாள். இனிமேல் கூப்பிடவே மாட்டார்களோ என்று பயந்தாள்.

இல்லத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தன. முட்டுவதற்குப் பதில் உள்ளங்கையை வைக்கத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கை வைத்தால் விலக வேண்டும் என்பது வேலைக்காரர்கள் எல்லோருக்கும் சட்டம். இந்த முறை சுவரிடமும் மறக்காமல் சொன்னார்கள்.

கூப்பிட்ட அன்று அக்கா ஆரஞ்சுப் பழங்களோடு வந்தாள். பழக்கதோஷம், கைகள் தாமாக விரிந்துவிட்டன. தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டு அவள் தோளில் உள்ளங்கையை வைத்தான். கன்னத்தில் அறைந்ததுபோல் வலித்தது அவளுக்கு. ஆனாலும் ஓரடி பின்னால் போனாள். நீட்டிய கையை அவன் இறக்கவில்லை. இன்னும் போனாள். முதுகில் சுவர் தட்டியது. சுவர் அவளுக்கு இடம்விட்டு, அவளோடு சேர்ந்தே பின்னால் நகர்ந்தது. அவளும் சுவருமாகப் பக்கத்து மனைக்காரரின் தோட்டத்தில் பாதியைக் கடந்த பிறகுதான் அவன் கை இறங்கியது. அன்றைக்கு அவன் முட்டவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பழங்களைத் தரையில் அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.

அடுத்து வந்த வருஷங்களில் சுவர், அவளைச் சாய்த்துக்கொண்டபடியே, ஞாயிற்றுக்கு ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பியது. மனைக்காரர் மீட்ட இடத்தில் கத்தரிச் செடி வைத்தார். வெள்ளையடிப்பவர் அறையின் அளவு கேட்டால், எந்த ஞாயிற்றுக்கு என்று வார்டன் திருப்பிக் கேட்பார். அக்கா தம்பி இருவரின் முழங்கால்களும் தொட்டுக்கொண்ட அன்று சுவர் நின்றது. அக்கா அசையாமல், தோளில் அந்த உள்ளங்கை வந்து விழக் காத்திருந்தாள். உள்ளங்கை வந்தது. தோளுக்குப் போகவில்லை, அவள் மடியில் மல்லாந்து விரிந்தது. அவள் ஓர் ஆரஞ்சுச் சுளையை எடுத்து அதில் வைத்தாள்.