டொங்குரி மாமா களைத்துவிட்டது

ஜப்பானிய டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் அந்த நிகழ்ச்சியில் எழுத்து இல்லாத விநாடி கிடையாது. யாராவது சிரித்தால் அந்தச் சிரிப்பு மஞ்சள் எழுத்தாகத் திரையில் குதிக்கும். திடுக்கிட்டால் சிவப்பு. அழுதால் நீலம், ஓரத்தில் ஒரு சொட்டோடு. யாருமே பேசாமல் நின்றால் அதற்கும் ஒரு சொல் உண்டு: ‘ஷீ…ன்’. மௌனம் எழுப்பும் சத்தம் அதுதான் என்று நாடே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த எழுத்துகளைப் பன்னிரண்டு வருடமாகப் போட்டுவருபவள் குஸுமி சவாகோ. அகாசகாவில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், ஜன்னல் இல்லாத எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பாள். ஜூன் மாத மழை பெய்கிறதா விட்டதா என்பதை உள்ளே வருபவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். வருகிறவர்கள் எல்லாரும் “களைச்சிருப்பீங்க” என்பார்கள். அவளும் “களைச்சிருப்பீங்க” என்பாள். காலை பத்து மணிக்கே அதுதான் வணக்கம். அதற்கு யாரும் ஆமாம் என்று பதில் சொன்னதில்லை.

அன்று அவள் முன்னால் உறைந்து நின்ற படத்தில் டொங்குரி மாமா இருந்தார். தலையில் டொங்குரி என்னும் ஓக் மரக் கொட்டையின் மூடி போல ஒரு தொப்பி, பழுப்பு நிறச் சட்டை. நிஜப் பெயர் சேகாவா. வயது ஐம்பத்தொன்று. நிகழ்ச்சி ‘முகுரு’ என்ற வீடியோ கேமைச் சுற்றி நடப்பது. வாராவாரம் ஒரு குழந்தையோடு அந்த விளையாட்டை ஆடித் தோற்பதும், தோற்றதும் கால் இரண்டையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு பின்னால் விழுவதும் அவர் வேலை.

இந்த வாரம் அவர் விழவில்லை. நிகாதாவிலிருந்து வந்த கொனாட்சு என்ற எட்டு வயதுப் பெண்ணிடம் தோற்றார். எழுந்து நின்றார். கைகள் தொங்கின. “களைச்சுப் போச்சு” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

விளையாட்டில் வரும் குட்டிப் பிராணிகளான முகுருக்கள் சாவதில்லை. விளையாட்டுக் கம்பெனி அதில் கண்டிப்பு. தோற்ற முகுருவைச் சுற்றி இருட்டாகும், கீழே வெள்ளைக் கோடு போட்ட பெட்டி ஒன்று வரும்: ‘முகுரு களைத்துவிட்டது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.’ ஆடுகிறவர் அதை முதுகில் சுமந்து வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் காலை அது எழுந்துவிடும். இது தெரியாத குழந்தை ஜப்பானில் இல்லை.

கொனாட்சுவும் அப்படித்தான் புரிந்துகொண்டாள். கையிலிருந்த விளையாட்டுக் கருவியைக் கீழே வைத்தாள். அவர் முன்னால் போய், முதுகைக் காட்டிக் குந்தி, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினாள். ஏறிக்கொள்ளுங்கள் என்று. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. சேகாவா அந்தச் சின்ன முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு விநாடி.

“ஷீ…ன் போட்டுடுங்க, குஸுமி-சான். பெருசா” என்றான் இயக்குநர் குவாபாரா. அவளைவிடப் பத்து வயது சின்னவன். அரிசி உருண்டையின் காகிதத்தைக் கிழித்துக்கொண்டே பேசினான். “அசடு வழியறப்ப வழக்கமா விடற காக்கா ஒண்ணு மேல பறக்கட்டும். கா, கா. முடிஞ்சுது.”

“காக்கா பறந்தா அவரைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

“நாம சிரிக்க வைக்கத்தானே சம்பளம் வாங்கறோம்?”

“அந்தப் பொண்ணையும் சேர்த்துல்ல சிரிப்பாங்க. ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள ஆளாளுக்கு போன்ல அனுப்பிடுவாங்க. அப்புறம் அந்த மனுஷன் எங்க போனாலும் கா, கா-தான்.”

“அப்ப வேற என்ன போடறது? சும்மா விட்டா டிவி கெட்டுப்போச்சுன்னு அடிப்பாங்க.”

“பெட்டி போடலாம். விளையாட்டுல வர்ற அதே பெட்டி.”

குவாபாரா மெல்லுவதை நிறுத்தினான். “அது முகுருவுக்கு மட்டும். மனுஷனுக்குப் போட உனோகி-சான் விடுவாங்களா? போன மாசம் ‘செத்தேன்’னு ஒரு பாட்டுக்காரன் சொன்னதுக்கே ரெண்டு பக்கம் கடிதம் எழுதினாங்க.”

“கேட்டுப் பாக்கறேன்.”

“நாலு மணிக்குள்ள பதில் வரலேன்னா காக்கா. என்னைத் திட்டக் கூடாது.”

உனோகி கம்பெனி ஆள். திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துச் சரி என்றோ தவறு என்றோ சொல்பவள். சவாகோ பெட்டியைத் தயார்செய்து அனுப்பினாள். பிறகு காதில் ஹெட்போனை மாட்டி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டாள். பதினோராவது தடவை.

பன்னிரண்டு வருடத்தில் சேகாவாவோடு அவள் பேசியதில்லை. ஒருமுறை லிஃப்டில் பக்கத்தில் நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு நகைச்சுவை எடுபடாது என்று தெரிந்ததும் அவர் மூச்சு எந்த இடத்தில் அறுபடும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு பெரிய சிவப்பு எழுத்தைப் போட்டு அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள், எத்தனையோ தடவை. இன்று ‘களைச்சுப் போச்சு’ என்ற சொல் வந்தபோது மட்டும் அது அவர் வாயிலிருந்து வந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை. தன் தொண்டையில் கிடந்ததை வேறு யாரோ எடுத்துச் சொன்னது போலிருந்தது. அவரைக் காப்பாற்றத்தான் பாடுபடுகிறேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த ஒரு சொல்லையாவது காக்கா கொத்தாமல் இருக்கட்டும் என்ற சுயநலமா? பார்லித் தேநீர் ஆறிப் போயிருந்தது.

மூன்றரைக்குக் கதவு திறந்தது. தொப்பி இல்லாத சேகாவா. பக்கத்து அறையில் குரல் பதிவுக்கு வந்திருந்தார். தலை நடுவில் வழுக்கை. திரையில் பார்த்ததைவிடக் குள்ளம்.

“களைச்சிருப்பீங்க” என்றார்.

“களைச்சிருப்பீங்க.”

“நீங்கதான் குஸுமி-சானா? என் மொக்கைக்கெல்லாம் சிவப்பு மை ஊத்தற ஆள்?”

“ஊத்திக் கட்டுபடியாகல.”

அவர் சிரித்தார். பிறகு கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்த இடத்தை வெட்டிட முடியுமா? இயக்குநர்கிட்ட கேட்க வெக்கமா இருக்கு. விழணும்னுதான் நெனைச்சேன். முட்டி கேட்கல. அப்புறம் வாய் தானா சொல்லிடுச்சு.”

“வெட்டினா கொனாட்சு ஜெயிச்சதும் போயிடும்.”

“ஐயோ.” அவர் பிடரியைத் தடவினார். “அது பாவம்.”

சவாகோ தான் செய்ததைத் திரையில் போட்டாள். படம் ஓரங்களில் மெல்ல இருண்டது. குந்தியிருந்த குழந்தைக்கும் தொங்கிய கைகளுக்கும் கீழே பெட்டி: ‘டொங்குரி மாமா களைத்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவோம்.’

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். சிரிப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்தது. உனோகி. சவாகோ ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

“பெட்டியைப் பார்த்தேன். ஒரு தப்பு இருக்கு.”

“மனுஷனுக்குப் போடக் கூடாதுன்னு தெரியும், உனோகி-சான். இந்த ஒரு தடவை மட்டும்—”

“அது இல்லை. ‘களைத்துவிட்டார்’னு மரியாதை போட்டிருக்கீங்க. பெட்டிக்குள்ள மரியாதை கிடையாது. முதல் பதிப்புலேர்ந்தே கிடையாது. ‘களைத்துவிட்டது’ன்னு மாத்துங்க.”

“மாத்தினா… சரியா?”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். “அந்தக் குழந்தை விளையாட்டு விதிப்படிதான் குந்தியிருக்கா. கை வெச்சிருக்கறதுகூடச் சரி. நான் எதைத் தப்புன்னு எழுதறது?” “களைச்சிருப்பீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சவாகோ இரண்டு எழுத்தை மாற்றினாள். சேகாவா குனிந்து வாசித்தார். “அது-ன்னு ஆயிட்டேனா?”

“கோபமா?”

“இல்ல. ‘அது’வுக்குத்தானே மறுநாள் காலைல எழுந்துக்கற வசதி இருக்கு.” இன்னும் ஒருமுறை ஓடவிடச் சொன்னார். ஓடவிட்டாள். “இவ்வளவு சின்ன முதுகு” என்றார். “ஏறியிருந்தா நசுங்கியிருப்பா.”

பக்கத்து அறையிலிருந்து அவரை அழைத்தார்கள். கதவருகே போனவரிடம் சவாகோ வழக்கம்போலச் சொன்னாள். “களைச்சிருப்பீங்க, சேகாவா-சான்.”

“ஆமா” என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காக்கா தேவைப்படவில்லை என்று குவாபாராவுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு அடுத்த துண்டைத் திறந்தாள். அதே நாள், அரை மணி கழித்து எடுத்தது. டொங்குரி மாமா கொட்டைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முகுரு வடிவத்தில் செய்த ஆம்லெட்டை வாயில் திணித்து, சூடு தாங்காமல் குதித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூச்சு எங்கும் அறுபடவில்லை. சவாகோ மஞ்சளைத் தேர்ந்தெடுத்து அந்தச் சிரிப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.