வயிறு வைத்த போர்வை

கம்பளி இல்லாமல் என் புருசன் விக்டரைத் தோணியில் ஏற்ற மாட்டேன் என்று தண்டல் மனுவேல் சொல்லிவிட்டார். தோணியை நடத்துகிறவர் தண்டல். அவர் சொன்னால் சொன்னதுதான். போன நடையில் விக்டர் மேல்தட்டில் பனியில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, கொழும்பு ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துவிட்டு வந்தவர்.

"சனிக்கிழமை பாய் விரிக்கோம். கம்பளியோட வந்தா வரட்டும். இல்லைன்னா வேற ஆளைப் பாத்துருவேன் தாயி. நடுக்கடல்ல இவனுக்கு ஒண்ணுன்னா உனக்கு யாரு பதில் சொல்ல?"

உலகச் சண்டை நடக்கிற காலம். கட்டுகிற வேட்டிக்கே கூப்பனைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், கம்பளிக்கு எங்கே போவேன்? விக்டர் வாசலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் மனுசன் முகம் செத்துப்போகும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, ஆத்திரம்தான் வரும்.

"விடுளா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"உங்க இடத்துல வேற ஒருத்தன் ஏறுவானா? அதையும் பாத்துருவோம்" என்றேன்.

தோணிக்குப் பாய் தைக்கிற மரியானின் மகள் நான். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஏழு வயதிலிருந்து பாய்த்துணியின் மறுமுனையைப் பிடித்தவள் நான்தான். ஒட்டுப்போர்வையா எனக்குப் பெரிசு? கிழிந்த சேலை, பழைய சட்டை, அவர் இடுப்பில் கட்டுகிற சாரம் எல்லாவற்றையும் நாலு விரல் அகலத்தில் நீள நீளப் பட்டைகளாகக் கிழித்தேன். ஒன்றின் ஓரத்தோடு அடுத்ததைச் சேர்த்து வரிசையாகத் தைக்க வேண்டியது. பிறகு உள்ளே பழஞ்சேலையை நாலு மடிப்பாக வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து இழையோட்ட வேண்டியது. அவ்வளவுதானே!

புதன்கிழமை மத்தியானம் பதினாறு பட்டையும் சேர்ந்துவிட்டது. முற்றத்தில் விரித்தேன். நடுவில் உப்பிக்கொண்டு, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. நேரம் பார்த்துத் தண்டல் அந்த வழியாக வந்தார்.

"ஏளா பிளாரன்சு, போர்வையா இது? பாய்மரத்துல கட்டுனா விடியுமுன்ன கொழும்பு போயிரலாமே! இதைப் போத்துனா பனி நேரா உள்ள வந்து குடியிருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. காற்று தங்குவதற்குப் பாய்க்கு வயிறு வேண்டும். அதற்காக அப்பா எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்து தொடங்கி, அடியில் வரும் பட்டையை இழுத்துப் பிடித்தபடியே தைப்பார். போர்வை தைக்கிறோம் என்று எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியவில்லை. பதினாறு பட்டைக்கும் வயிறு வைத்திருந்தேன். அட கிறுக்கச்சி!

"பிரிக்கணும்" என்றேன்.

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

விக்டர் எதிரே வந்து உட்கார்ந்து நூலை உருவ ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அவர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மறுபடி தைத்தேன். ஒரு தையலை மேலிருந்து கீழே கொண்டுவந்தால், அடுத்ததைக் கீழிருந்து மேலே கொண்டுபோனேன். துணியை இழுக்கவில்லை, அது கிடந்தபடி கிடக்க விட்டேன். கை பழைய ஞாபகத்தில் இழுக்கப் பார்க்கும்போதெல்லாம் அதைத் திட்டினேன். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. வெள்ளி சாயங்காலம் கடைசி ஓரத்தை மடித்து முடித்தேன்.

சனிக்கிழமை காலை கடற்கரை மணலில் எல்லார் முன்னாலும் விரித்தேன். காற்று அடித்தது. ஒரு மூலைகூட எழும்பவில்லை. தண்டல் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து ஓரத்தைத் தடவினார், கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஏலே விக்டரு, ஏறு" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "எனக்கும் இதுல ஒண்ணு தச்சுத் தாயேன் தாயி."

"தாரேன் அண்ணாச்சி. உங்க அளவுக்கு மட்டும் வயிறு வச்சுத்தான் தைக்கணும்."

தோணிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தண்டலும் தொந்தியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

பாய் ஏறியது. அது அப்பா தைத்தது. மறுமுனையைப் பிடித்தவள் நான். நிறைய வயிற்றோடு அது என் புருசனை இழுத்துக்கொண்டு போனது. அவர் போர்வையைத் தோளில் போட்டபடி கை காட்டினார். அதுவரைக்கும் வீம்பாக நின்றவளுக்கு அப்போது அழுகை வந்துவிட்டது.

"மூடிப் படுங்க!" என்று கத்தினேன்.