உப்புப் பார்த்தவள்

மாஸ்டர் தன் வாழ்நாளில் யாரிடமும் "உப்பு பாரு" என்று சொன்னதில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் அடுப்படியில் இருபத்தாறு வருஷம் நின்ற மனிதர். அண்டாவுக்கு மேலே முகத்தை நீட்டி ஒரு மூச்சு இழுப்பார், உள்ளங்கையில் உப்பை அள்ளி வீசுவார், அதோடு சரி. ருசி அச்சுப் பிசகாமல் இருக்கும்; அந்த வயிற்றெரிச்சலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், அவர் வீட்டில் வைத்த கறியைச் சாப்பிட்டுவிட்டு அவர் மனைவி விவரம் தெரியாமல், "கொஞ்சம் உப்பு கம்மியோ?" என்று கேட்டுவிட்டாள். மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் வாயைத் திறந்து, "நீ ஊசியப் புடி, நான் கரண்டியப் புடிக்கிறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்," என்றார். அவளும் ஊசியைப் பிடித்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடையில் இருபத்திரண்டு வருஷம் பிடித்தாள்.

அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. தையல் கடையில் அவள் வாய்க்குப் பயந்து துணி வெட்டுகிறவரே ஒதுங்கிப் போவார். வீட்டுக்கு வந்தால்தான் பேச ஆள் கிடையாது. பிள்ளை குட்டி இல்லை. மாஸ்டர் வருவார், குளிப்பார், படுப்பார். ஏதாவது கேட்டால் "ம்" என்பார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குடி இல்லை, கை நீட்டியதில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் இருப்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு என்பது மட்டும் அந்த மனிதரின் மண்டையில் ஏறவே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாஸ்டர் வீட்டில் சூப் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சீருடைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். கரண்டியும் கையுமாக அவர் வந்து எதிரே நின்றார். கரண்டியை உதட்டருகே கொண்டுபோய் ஃபூ ஃபூ என்று ஊதினார். அவள் மடியில் சொட்டிவிடக் கூடாது என்று இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு, அவள் வாயருகே நீட்டினார்.

"உப்பு பாரு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னையா சொல்றீங்க?" என்று கேட்டாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வாயைத் திறந்தாள். சூப்பில் உப்பு என்கிற பேச்சே இல்லை. அவரோ கண்ணை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

"உப்பே போடல நீங்க," என்று சிரித்துவிட்டாள்.

அவர் கோபிக்கவில்லை. "அப்படியா," என்று மெதுவாகச் சொன்னார். போய் உப்பைப் போட்டார், மறுபடி வந்தார், மறுபடி ஊதினார்.

அன்று சாயங்காலமே அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அடியே, மனுஷனுக்குத் தலையில எங்கயாச்சும் அடி பட்டுச்சா?" என்றாள் அக்கா.

"போக்கா. ஊதி ஊதிக் குடுத்தாரு. நாப்பத்தஞ்சு வயசுல எனக்கு வெக்கமாப் போச்சு."

"ஒரு கரண்டி சூப்புக்கே இந்த ஆட்டமா? பாத்துடி, நாளைக்குக் கால் தரையில நிக்காது."

நிற்கத்தான் இல்லை. அன்றிலிருந்து நாள் தவறாமல் கரண்டி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அவர் வந்துவிட்டாரா என்று கதவைத் திறக்கும்போதே பார்ப்பாள். புளிப்பு, காரம், எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டார். அவளும் சொன்னாள். அவள் சொன்னபடியே கேட்டு, அப்படியே செய்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வந்து, "ஹோட்டல விட்டுட்டேன். எவனுக்கோ ஏன் ஆக்கிப் போடணும்? ஒரு சாப்பாட்டு வேன் போடலாம். நீயும் நானும் மட்டும்," என்றார்.

நீயும் நானும் மட்டும். அந்த மூன்று வார்த்தையை அவள் ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் தையல் வேலையை விட்டாள். கடைக்கார அம்மா, "யோசிச்சுக்கோ," என்றதற்கு, "இவ்வளவு நாள் யோசிச்சது போதும்மா," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பாக்கெட் ரொட்டி ஏற்றிப்போன பழைய வேன் ஒன்று கிடைத்தது. வெல்டர் அதன் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே எவர்சில்வர் மேடையும் இரண்டு பர்னரும் வைத்தார். தண்ணீர்த் தொட்டி, கை கழுவும் தொட்டி, அடியில் சிலிண்டர். அவள் மிச்சத் துணியில் இரண்டு ஏப்ரன் தைத்தாள். அவருடையதில் கரண்டி செருக ஒரு பை வைத்தாள், தன்னுடையதில் ஒன்றுமே வைக்கவில்லை. கரண்டிதான் அவரிடமிருந்து வந்துவிடுகிறதே. ஜன்னலுக்கு மேலே கோடு போட்ட துணியில் பந்தல். நகராட்சி ஆள் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து அனுமதி கொடுத்தார்.

அவள் அப்போதே புரிந்துகொண்டிருக்கலாம். இப்போது நினைத்தால் எல்லாம் கண்ணெதிரே நடந்த மாதிரிதான் இருக்கிறது. ஹோட்டலில் எவனாவது ஸ்பூனால் அளந்தால், "மருந்துக் கடையா நடத்துற?" என்று எகிறுகிற மனிதர், வேன் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்: உப்பு ஆறு ஸ்பூன், மிளகு மூன்று. பெரிய கடிகாரம் ஒன்று மாட்டினார். எண்ணெயில் போட்டுப் பார்க்கச் சூடு காட்டும் கருவி வாங்கினார். சொந்தத் தொழில் என்றால் ஒழுங்கு வேண்டும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேனில் சமைத்துப் பார்த்த முதல் நாள் அவள் புதிதாக சென்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே அவரை இரண்டு முறை உரசிக்கொண்டு போனாள். மனிதர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இது மட்டும் திருந்தாது என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கடை திறக்கிற நாள் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் பின்வாசல் எதிரே இடம். எட்டு மணிக்கு அங்கே ஆட்கள் மாறுவார்கள். ஆறரைக்கே வேனை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. அவர் உள்ளே பாத்திரங்களை அடுக்க, அவள் நடைபாதையில் நின்று பந்தல் துணியைக் கட்டி முடித்தாள். பிறகு ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

குப்பென்று அடித்தது. கேஸ். கண்ணைக் கரிக்கிற அளவுக்குக் கேஸ். அதற்கு நடுவில் மாஸ்டர் சாவகாசமாக அடுப்புக்கு மேலே குனிந்து, கையில் லைட்டரோடு நின்றுகொண்டிருந்தார்.

கூடையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே பாய்ந்து லைட்டரைப் பிடுங்கிக் கதவு வழியாகத் தெருவில் எறிந்தாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னல் பலகையை ஒரே தள்ளாகத் தள்ளித் திறந்தாள். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எதிர் நடைபாதையில் உட்கார வைத்தாள். பின் பர்னரின் திருகு அரைவாசி திறந்தே கிடந்திருக்கிறது. அவர்தான் துடைக்கும்போது தட்டியிருக்க வேண்டும்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உங்களுக்கு? இவ்வளவு நாத்தம் அடிக்குது!"

"அடிக்குதா?" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அவள் அவரையே பார்த்தாள். ரொட்டிகள் வேன் வாசலில் சிதறிக் கிடந்தன.

"உங்களுக்கு வரலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தன நாளா?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம். மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. சுடுதா ஆறிடுச்சா, அது மட்டுந்தான் தெரியும். வந்துரும் வந்துரும்னு பாத்தேன். ஹோட்டல்ல ரெண்டு மாசம் சமாளிச்சேன். ஒரு நாள் கெட்டுப்போன பால ஊத்திட்டேன். அனுப்பிட்டாங்க."

அனுப்பிட்டாங்க. விட்டுட்டேன் என்று அல்லவா சொன்னார். எவனுக்கோ ஏன் ஆக்கிப் போடணும் என்று அல்லவா சொன்னார். அவள் தனக்கு வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டாள். கேட்கும்போதே, இதைக் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தெரிந்தது.

"அந்த முதல் கரண்டி. ஞாயித்துக்கெழமை சூப்பு. அன்னைக்குமா?"

மாஸ்டருக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியவில்லை. ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்ட நிம்மதியில் மளமளவென்று பேசினார். "அன்னைக்குத்தான் எனக்கே உறுதியாச்சு. உப்பே போடலன்னு நீ சொன்ன பாரு, அப்பத்தான். அதுல இருந்து உன்ன வச்சுத்தான் ஓட்டுறேன். உன் மூஞ்சியத்தான் பாத்துட்டே இருப்பேன். கண்ணு சுருங்குனா புளிப்பு கூட. நீ சிரிச்சா எல்லாம் சரி. நீ இருக்கிற தைரியத்துலதான் வேனே போட்டேன்."

பிறகு, அவள் இதுவரை கண்டிராதபடி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "சொல்லியிருந்தா நீ என்ன மதிச்சிருக்க மாட்ட," என்றார். "வேணாம், மூடிரலாம். நீ மறுபடி தையலுக்கே போயிரு."

அவளுக்கும் அழுகை வந்தது. வேனுக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்தார். "நஷ்டமில்லாம வித்துரலாம்," என்று அவள் முதுகைத் தட்டினார். வேன் எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன? எட்டு மாதமாகத் தன்னை ஒருத்தர் ஆசையாகப் பார்க்கிறார் என்று பூரித்துப்போய்த் திரிந்தாளே, அந்தக் கூத்தை நினைத்து அழுதாள். சென்ட் போட்டுக்கொண்டு உரசியதை நினைத்து அழுதாள். அக்காவிடம் பெருமையடித்ததை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது. ஏமாற்றினாயே என்று அவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்றால், ஆசை என்று அவர் ஒரு நாளும் சொல்லவும் இல்லை. உப்பு பாரு என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை எல்லாம் அவளே தைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் கிடந்து அழுகிற மனிதரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. கரண்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரியாதவருக்கு அதுவும் போய்விட்டது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். மண் பட்டதைத் தனியே வைத்தாள்.

"எந்திரிங்க. மணி ஏழாகுது. சூப்பு கொதிக்க ஒரு மணி நேரம் வேணும்ல?"

"தொறக்கப் போறோமா?"

"வேலைய விட்டுட்டு வந்திருக்கேன். மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. இனிமே அடுப்பப் பத்த வைக்கிறது நான்."

காற்றோட்டம் விட்டு, சோப்பு நுரை போட்டு எல்லா இணைப்பையும் பார்த்து, அவளே அடுப்பைப் பற்ற வைத்தாள். மாஸ்டர் கடிகாரத்தையும் சுவரையும் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். கை மட்டும் எதையும் மறக்கவில்லை; வெங்காயம் முன்போலவே ஒரே அளவில் விழுந்தது. மனிதர் முகத்தில் ஒரு தெளிவுகூட வந்திருந்தது. அவருக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

எட்டு மணிக்கு ஜன்னல் முன்னால் ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். முதலில் நின்றது ஒரு நர்ஸ். வேலை முடிந்த களைப்பில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். "ஒரு சூப்பு. சீக்கிரம் குடுங்க, பஸ் வந்துரும்."

உள்ளே ஜன்னலருகே நின்ற அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். தன்னை அறியாமல் முகத்தைக் கொஞ்சம் நீட்டியும் விட்டாள். எட்டு மாதப் பழக்கம்.

மாஸ்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் சூப்பை எடுத்தார். ஒரு ஸ்பூனைப் போட்டார். எவர்சில்வர் மேடை மேல் அதை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். ஹோட்டலில் முதலாளிக்கு மாதிரி அனுப்புகிற விதம் அது.

"பாத்துச் சொல்லு."

ஊதவில்லை. கையை ஏந்தவில்லை. எதற்கு ஏந்த வேண்டும்? அதுதான் எல்லாம் தெரிந்துவிட்டதே. தொழில் என்று வந்தபின் இதுதான் ஒழுங்கு. உப்பு டப்பாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார். எதற்குப் பார்க்கிறார் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஸ்பூனை அவளே எடுத்துக் குடித்தாள். நாக்கைச் சுட்டது. உப்பு அச்சாக இருந்தது. ஒரு கல் கூடவோ குறையவோ இல்லை.

கம்மி என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. போடுவார். இன்னொரு கிண்ணம் வரும். சரியாகத் தெரியவில்லை என்றால், ஒருவேளை அவரே கரண்டியோடு கிட்டே வருவார், ஒருவேளை ஊதவும் செய்வார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, தெரிந்தே ஏமாறுவதற்காக. ஆனால் அவர் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். அவள் என்ன சொன்னாலும் போட்டுவிடுவார். அண்டா முழுவதும் கரித்துப்போனாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அவளை விட்டால் அவருக்கு வேறு நாக்கு கிடையாது.

"சரியா இருக்கு," என்றாள்.

அவர் டப்பாவை மூடிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் கப்பில் சூப்பை ஊற்றி நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டருகே கொண்டுபோய் ஃபூ ஃபூ என்று ஊதினாள். கொடுத்தவள் அந்தப் பக்கம் பார்க்காமல் அடுத்த கப்பை எடுத்தாள்.