ஐந்தாவது பதில்

லாரி பாலக்கரைக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. இன்னாசிராஜ் கடை வாசலில் நின்றிருந்தான். மெட்ராஸிலிருந்து வந்த இரும்பு ரொட்டி அடுப்பு, சாக்கு சுற்றி, லாரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு டன்னுக்கு மேல் கனம்.

ஆர்டர் கொடுத்தவள் அவன் மனைவி லூர்துராணி. பி.ஏ. படித்துவிட்டு ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கணவனை ரொட்டிக் கடைக்குச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். டைபாய்டில் அவள் போய் நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அடுப்பு வேண்டாம் என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை.

காந்தி மார்க்கெட்டிலிருந்து மருதை எட்டு ஆட்களோடு வந்திருந்தார். சமயபுரம் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற கை அவருடையது. லாரியின் பின்பக்கம் இரண்டு கனத்த பலகைகளைச் சாய்த்தார்கள். அடுப்புக்கு அடியில் இரும்புக் குழாய்களை உருளையாகக் கொடுத்தார்கள். அடுப்பில் கட்டிய வடத்தை லாரியின் முன்சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

வீரமலை என்பவன் அடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, திருவானைக்காவலில் இந்நேரம் ஆனையைக் காணோம் என்று தேடுவார்கள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மருதை சிரிக்கவில்லை.

“எப்படி எறக்கணும்னு கம்பெனியிலேருந்து காகிதம் ஏதும் வந்துச்சா சார்?”

“இல்ல.”

வந்திருந்தது. அடக்கத்துக்கு மறுநாள், நீளமான பழுப்பு உறை. துக்கக் கடிதங்களோடு அதையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடியிருந்தான். அந்த டின்னைத் திறப்பதைவிட இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது.

மருதை குரல் கொடுத்தார். வடம் இளகியது. அடுப்பு பலகையில் ஒரு முழம் இறங்கி முன்னால் சாய்ந்தது. அப்போது அதன் வயிற்றுக்குள் ஏதோ தடதடவென்று சரிந்தது. வடம் பிடித்தவர்கள் இழுபட்டுப் போனார்கள். மருதை முட்டுக்கட்டையைக் காலால் உள்ளே தள்ளினார். அடுப்பு நின்றுவிட்டது. வீரமலையின் இரண்டு விரல்கள் குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் இருந்தன.

கடப்பாரையால் நெம்பித்தான் கையை எடுத்தார்கள். வீரமலை துண்டைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். துண்டு சிவந்தது.

“உள்ள என்னவோ ஓடுது. என்னன்னு தெரியாம இனி ஒரு அங்குலம் எறக்க மாட்டேன்” என்றார் மருதை. “கட்டை எவ்வளவு நேரம் தாங்கும்னும் தெரியாது.”

இன்னாசிராஜ் உள்ளே ஓடினான். டின்னைக் கவிழ்த்தான். பழுப்பு உறையைக் கிழித்தான். ‘அன்புள்ள அம்மையாருக்கு’ என்று தொடங்கியது கடிதம். மூன்றாம் தேதி தாங்கள் கேட்டிருந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் கீழே.

அவள் எழுதிக் கேட்டது அவனுக்குத் தெரியாது.

வெளியே வந்தான். “காகிதம் வந்திருந்துச்சு. நான்தான் பிரிக்கல” என்றான்.

வீரமலை தன் கையைப் பார்த்தான். மருதை குனிந்து முட்டுக்கட்டையைப் பார்த்தார். பிறகு, “படிங்க” என்றார்.

அஞ்சு பதில் இருக்கு என்று சொல்லி, ஆங்கிலத்தில் இருந்ததை அவன் தமிழில் சொன்னான். உள்ளே ஆறு கற்பலகைகள் இறுக்காமல் இருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். கதவுகளைக் கழற்ற வேண்டும். பின்பக்கம் கனம் அதிகம். அது கடைசியாக இறங்க வேண்டும். சரிவின் கீழே யாரும் நிற்கக் கூடாது. நான்கு பதில்களோடு நிறுத்திக்கொண்டான்.

“அஞ்சுன்னீங்களே?”

“‘என் வீட்டுக்காரருக்கு முதுகுவலி, அவர் தூக்கலாமா’ன்னு என் சம்சாரம் கேட்டிருக்கா. வேண்டாம், எட்டு ஆள் போதும்னு எழுதியிருக்காங்க.”

“அப்ப நீங்க தள்ளி நில்லுங்க சார்.”

அடுப்பை மறுபடி லாரிக்கு மேல் இழுத்து, கதவுகளைக் கழற்றி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். இன்னாசிராஜ் ஜட்கா வண்டி ஒன்றைக் கூப்பிட்டு நிறுத்தினான். அடுப்பு தரையைத் தொடட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீரமலை ஏற மறுத்துவிட்டான். இருவரும் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். மருதை மறுபடி குரல் கொடுத்தார். இந்தத் தடவை உள்ளே சத்தமில்லை.

“எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்காங்களே” என்றான் வீரமலை. “அம்மா எங்க சார், உள்ளயா?”

இந்த நாற்பத்து மூன்று நாளில் யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் செய்தி தெரிந்துதான் வந்தார்கள்.

“இல்ல” என்றான். அடுப்பு குழாய்களின் மேல் மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது. “இறந்துட்டா.”

வீரமலை அடிபட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் முழங்கையைப் பற்றினான். அடுப்பு தரையைத் தொடும்வரை விடவில்லை.