கிணற்றுக்குள் சிவப்பு வானம்

கிணற்றுக்குள் வானம் சிவப்பாக இருந்தது.

நல்ல உச்சி வெயிலில் சிவப்பு. போன மழைக்கு அது பச்சை. அதற்கு முந்தைய கோடைக்குக் கத்தரிப்பூ நிறம்.

எங்கோ பனி பெய்யும் ஊரில் எந்த நிறச் சட்டை விற்கிறதோ, அந்த நிறம் துளசிமணியின் கிணற்றுக்கு. ஆற்றோரம் வரிசையாகச் சாயப்பட்டறைகள். கழிவு மண்ணுக்குள் இறங்கி, இறங்கி, அவள் வீட்டுக் கொல்லைவரை வந்துவிட்டது.

பட்டறையைத் திட்ட வாயைத் திறப்பாள். திறந்த வாயை மூடிக்கொள்வாள். புருஷன் நாச்சிமுத்து அங்கேதான் துணி முக்குகிறான். மழை பொய்த்த வருஷங்களில் கம்பங்கூழுக்கே வழியில்லாத வீடு இது. இன்று தளம் போட்ட வீடு. மகள் மைதிலி கல்லூரி போய்ப் படித்தவள். எல்லாம் அந்தச் சாயம் போட்ட சோறு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மகளாவது நல்ல தண்ணீர் உள்ள ஊருக்குப் போக வேண்டும். நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டும். நல்ல தண்ணீரில் பிள்ளை வளர்க்க வேண்டும்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது, அவன் அம்மா ரத்தினாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். துளசிமணி குடித்தாள். நாக்கு அப்படியே குளிர்ந்துபோனது. சொம்பு காலியாகும் முன்பே அவள் மனதில் சம்பந்தம் முடிந்துவிட்டது.

ஆனால் ஒரு சீர் இருந்தது.

கல்யாணத்தன்று காலை, பெண்ணைப் பெற்றவள் தன் வீட்டுக் கிணற்றில் தன் கையால் நீர் சேந்தி, மகள் தலையில் ஊற்ற வேண்டும். மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அது அவர்கள் வழக்கம்.

அந்தச் சிவப்பை ரத்தினாள் பார்த்துவிடுவாள். இந்தத் தண்ணீரில் வளர்ந்தவளுக்குக் குழந்தை தங்குமா என்று யாராவது ஒரு வாய் கேட்டால் போதும். முன்பு வந்த வரன் அப்படித்தான் தட்டிப்போனது.

விடியலில், வீடு விழிக்கும் முன், கேன் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் நிரப்பினாள். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள். சிவப்புக்கு ஒரு முழம் மேலே நிறுத்தி, கயிற்றைத் தூணில் முடிந்தாள். இழுத்தால் போதும். நல்ல தண்ணீர் வரும்.

வெயில் ஏறியது. மேளம் வந்தது. மணையில் மைதிலி. பக்கத்தில் ரத்தினாள்.

துளசிமணி முடிச்சை அவிழ்த்தாள். இழுத்தால் போதும். இழுத்தால் போதும். ஆனால் கைகளுக்கு அது தெரிய வேண்டுமே. பாவாடை கட்டிய வயதிலிருந்து நீர் சேந்திய கைகள். மாட்டுக் கொட்டகை கழுவ இன்றும் சேந்தும் கைகள். கயிறு பிடித்தால் முதலில் தளரவிட்டு, ஒரு வெட்டு வெட்டி, குடத்தை முக்கும் கைகள்.

முக்கிவிட்டன. தொபுக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

குடம் ஏறி வந்தது. நல்ல தண்ணீரும் கலந்து, கழுத்துவரை சிவப்பு. மேளம் தானாக நின்றது. அடப்பாவி, காரியத்தைக் கெடுத்தாயே என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரத்தினாள் கிட்டே வந்தாள். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு துளசிமணியின் காதோரம் சாய்ந்தாள்.

"ஏனுங் சம்பந்தி, கேன் தண்ணி வாங்கி வெச்சிருக்கீங்களா?"

துளசிமணி தலையை ஆட்டினாள்.

"எடுத்தாரச் சொல்லுங்க. அன்னைக்குச் சொம்புல நான் குடுத்ததும் அதுதானுங்க. எங்க கெணத்துல நீலம்."

கேன் வந்தது. இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு கை பிடித்து மைதிலியின் தலையில் ஊற்றினார்கள். மேளம் மறுபடி முழங்கியது. துளசிமணி அழுதாள். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று ஊர் சொன்னது.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, குடத்துச் சிவப்பைக் கிணற்றிலேயே திருப்பி ஊற்றினாள்.

வானம் கலங்கியது. பிறகு தெளிந்து, சிவப்பாகவே நின்றது. மகள் போகிற ஊர்க் கிணற்றில் அது நீலமாக இருக்கும். பார்க்க, நிஜ வானம் போலவே இருக்கும்.