வேப்பங்கரிசல் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர்

என் மனைவி பாண்டிலட்சுமி எம்.எல்.ஏ. ஆனது ஒரு டாக்டருக்காக. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கட்சிக்காரர்கள் பதவி ஆசை என்பார்கள், சொந்தக்காரர்கள் ஜாதகம் என்பார்கள். பன்னிரண்டு வருஷம் அவள் பின்னால் அலைந்து செருப்புத் தேய்ந்தவன் நான் சொல்கிறேன். எங்கள் ஊர் வேப்பங்கரிசலில் ஒரு டாக்டர் நிரந்தரமாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்த ஒருத்தர் கிடைக்காமல்தான் அவள் மேலே மேலே போனாள்.

தொண்ணூற்றாறில் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தலைவராக வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவன் நான். வேறு வழியில்லாமல், "பேருக்கு நீ நில்லு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி அவளை நிறுத்தினேன். ஜெயித்த மறுநாள் ஊராட்சி ஆபீசுக்குப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வந்து வாசலில் நின்றாள். "எந்திரிங்க, கிளார்க்கு சிரிக்காரு" என்றாள். எழுந்தேன். பத்து வருஷம் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை.

தொண்ணூற்றெட்டில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து தீப்பிடித்து, எங்கள் தெரு சோலைச்சாமி உடம்பெல்லாம் வெந்துபோனான். ஆள் ஏற்றுகிற கம்பெனி வேனிலேயே மதுரைக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. ஊரிலேயே ஒரு டாக்டர் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பான் என்று அங்கே சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பாண்டிலட்சுமி பிடித்துக்கொண்டாள். இடம் கேட்டு வாங்கி, ஊராட்சி நிதியையும் ஊர்க்காரர்கள் உழைப்பையும் போட்டு, நாலு கட்டிலோடு ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை எழுப்பிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் நர்சம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். டாக்டர் மட்டும் வரவில்லை.

"டாக்டர் போடுறது ஊராட்சி கையில இல்லம்மா, ஒன்றியத்துல கேளுங்க" என்றார்கள். இரண்டாயிரத்தொன்றில் ஒன்றியச் சேர்மனுக்கு நின்று ஜெயித்தாள். சேர்மன் ஆனபிறகு, "அது ஜில்லாவுல முடிவாகணும்" என்றார்கள். விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் படி எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அத்தனை தடவை ஏறி இறங்கினோம். அங்கே கடைசியாகச் சொன்ன பதில், "மெட்ராஸ்தான்." சரி என்று இரண்டாயிரத்தாறில் சட்டமன்றத்துக்கும் நின்றாள். அவள் ஜெயித்தாள், அவள் கட்சி தோற்றது. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. கொடுக்கிற மனுவுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது.

அதே வருஷம் எங்கள் ஊராட்சி பொதுவாயிற்று. நான் தலைவருக்கு நின்றேன், ஜெயித்தேன். "முனியசாமிக்கு வந்தது எம்மெல்லே அக்கா மூஞ்சிக்கு விழுந்த ஓட்டு" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் நான், ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட அவளுக்குத்தான் போன் போடுவார்கள்.

இரண்டாயிரத்தேழு ஐப்பசியில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேல்விழி வெந்துபோனாள். கருப்பம்மாளின் ஒரே மகள், இருபத்திரண்டு வயது. சீசன் நேரம், ஆர்டர் முடிக்கவேண்டிய அவசரம், பட்டாசு மருந்து உராய்ந்து தீப்பற்றிவிட்டது. மறுபடியும் அதே வேன், அதே மதுரை ரோடு. வாழையிலையில் கிடத்தி ஒரு பக்கம் பாண்டிலட்சுமியும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். விருதுநகர் தாண்டும்வரை வேல்விழி தண்ணீர் கேட்டாள். கள்ளிக்குடி வந்தபோது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பாண்டிலட்சுமி ஒரே பிடியாக நின்றாள். சட்டமன்றத்தில் கேள்வி கேட்டு, பதிலை அமைச்சர் வாயால் வாங்கி, அவைக்குறிப்பில் ஏற்றிவிட வேண்டும். முதல் தடவை அவள் கேள்வி வருவதற்கு முன்னால் அவள் கட்சி வெளிநடப்புச் செய்துவிட்டது. அடுத்த தடவை கேள்வி நேரம் முடிந்துவிட்டது. மூன்றாவது தடவை இரண்டாயிரத்தெட்டு ஏப்ரலில் அமைந்தது. வரிசையில் ஏழாவது கேள்வி. எனக்குப் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அன்று காலை பார்த்து அவள் கட்சிக் கொறடாவிடமிருந்து போன் வந்தது. முந்தைய நாள் யாரோ யாரையோ ஏதோ சொல்லிவிட்டார்களாம், சபை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வெளிநடப்பு. பாண்டிலட்சுமி போனை வைத்துவிட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

"நான் எந்திரிக்கப் போறதில்லை" என்றாள்.

"கிறுக்குத்தனம் பண்ணாத பாண்டி. அடுத்த தேர்தல்ல சீட்டு தரமாட்டாக."

"தராட்டிப் போறாக. டாக்டரைக் கேக்கத்தான வந்தேன். கேக்காம எந்திரிச்சுப் போனா நான் இங்கன எதுக்கு?"

அவள் சொன்னபடியே செய்தாள். கட்சிக்காரர்கள் கோஷம் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். போகிற போக்கில் ஒருவர் அவள் தோளருகே குனிந்து எதையோ சொன்னார், முகத்தைப் பார்த்தால் நல்ல வார்த்தையாகத் தெரியவில்லை. காலியான பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பேரவைத் தலைவர் அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். எழுதிவைத்திருந்த காகிதத்தை அவள் பார்க்கவே இல்லை.

"வேப்பங்கரிசல் ஆஸ்பத்திரிக்கு எப்ப டாக்டர் வருவாரு? அது தெரியணும்."

அமைச்சர் எழுந்தார். கோபமில்லாமல், நிதானமாகத்தான் பேசினார். அந்த ஊருக்கு மருத்துவர் பணியிடம் போன வருஷமே அனுமதிக்கப்பட்டுவிட்டது என்றார். கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தமானது, அதைச் சுகாதாரத் துறைக்கு ஒப்படைப்பதாக ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் போதும், மறுவாரமே டாக்டர் வந்துவிடுவார் என்றார். "மூன்று முறை கடிதம் எழுதியும் ஊராட்சி மன்றத் தலைவரிடமிருந்து பதில் இல்லை. மாண்புமிகு உறுப்பினர் அந்தத் தலைவரிடம் கொஞ்சம் விசாரித்தால் நல்லது" என்று முடித்தார்.

ஊராட்சித் தலைவர் யார் என்று ஆளுங்கட்சிப் பக்கம் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அங்கே சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. பாண்டிலட்சுமி நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தாள். நான் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடிதங்கள் வந்தது உண்மை. மூன்றும் எங்கள் வீட்டு பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் இருந்தன. கண்ணுச்சாமி என்று ஒருவர், பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கம்பெனி வைத்திருப்பவர், என் தேர்தலுக்காக வீடு வீடாக நடந்தவர். வெற்று அட்டைப் பெட்டிகளை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இரண்டு அறையை விடச் சொன்னார். நாலு கட்டிலையும் நர்சம்மா அறைக்குள் ஒதுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். பாண்டிலட்சுமி கேட்டபோது சீசன் முடிந்ததும் காலிசெய்துவிடுவார் என்றேன். சிவகாசிப் பக்கம் சீசன் என்றைக்கு முடிந்தது? தீபாவளி போனால் கல்யாணம், கல்யாணம் போனால் வடக்கத்தி ஆர்டர். கட்டடத்தை ஒப்படைத்தால் அவரைக் கிளப்ப வேண்டும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். டாக்டர் வந்தால் பெயர் அவளுக்குப் போகும். என் கையெழுத்தில் வருகிற டாக்டர், எம்மெல்லே அக்கா கொண்டுவந்த டாக்டர் ஆகிவிடுவார். அந்த எரிச்சலும் பீரோவைப் பூட்டியது. வேனில் வேல்விழியின் காலைப் பிடித்துக்கொண்டு போனபோது கடிதங்கள் நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தன. திரும்பியதும் தீர்மானம் போட்டுவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு, இப்போது போட்டால் இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ரயிலில் ஊர் வந்துசேர்ந்தோம். வீட்டுக்கு வந்தபின் நானாகவே பீரோவைத் திறக்கப் போனேன்.

"எடுக்காதீக" என்றாள். "வீட்டுல கேட்டா வீட்டோட போயிரும். ஊர்ச் சபையில கேக்குறேன்."

நாலாம் நாள் கட்சியிலிருந்து விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. படித்துவிட்டு டி.வி. மேல் வைத்தாள். மன்னிப்பு எழுதிக் கொடு என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு எழுதணும்?" என்று கேட்டாள்.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் பந்தல் நிறையக் கூட்டம். எம்.எல்.ஏ.வுக்கென்று என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அங்கே வரவில்லை. ஜமுக்காளத்தில் பெண்களோடு, கருப்பம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கிளார்க் சின்னச்சாமி வரவுசெலவு வாசித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"பிரசிடெண்டுகிட்ட ஒரு கேள்வி." என்னை அவள் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "ஆஸ்பத்திரிக் கட்டடத்தை ஒப்படைக்கச் சொல்லி லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எத்தனை?"

"மூணு."

"எங்கன இருக்கு?"

"நம்ம வீட்டுல, பீரோவுல."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. சீசன், அட்டைப் பெட்டி என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. கருப்பம்மாள் கையை ஊன்றி எழுந்ததும் நிறுத்திவிட்டேன்.

"மொத லெட்டரு எப்பய்யா வந்துச்சு?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாசியில் வந்தது, பங்குனியில் வந்தது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. பாண்டிலட்சுமிக்கும் தேதி தெரியாது.

"போன ஆனியில" என்றேன்.

கருப்பம்மாள் விரலை மடக்கினாள். "ஆனி, ஆடி, ஆவணி, பொரட்டாசி..." நாலாவது விரலோடு நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல உட்கார்ந்தாள். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒப்படைக்கிற தீர்மானத்துல இதையும் எழுதிக்கிடுங்க" என்றாள் பாண்டிலட்சுமி.

சின்னச்சாமி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எப்படிங்கய்யா எழுத?"

நானே சொன்னேன், அவர் எழுதினார். முதல் கடிதம் ஆனியில் வந்தது. தலைவர் முனியசாமி அதை எடுத்து வைத்துக்கொண்டார். வேல்விழி ஐப்பசியில் இறந்தாள்.